மருந்து ஏற்றிய மரம் பலம் குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டு வீடு, பண்ணைக் கொட்டகை, பட்டுப்புழு மனை என்று மரக்கூரை போட்டுக் கொடுப்பது என் தொழில். செல்லுக்கும் (கறையான்) உளுப்புக்கும் (மரத்தைத் துளைக்கும் வண்டு) பயந்து மருந்து ஏற்றிய மரம் வாங்கலாம் என்று சொன்னால், வீட்டுக்காரர் சரி என்பார், ஆசாரி வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். "மருந்து போட்டா மரம் செத்துப்போயிரும் சார், வைரம் போயிரும்" என்பார். வைரம் என்பது மரத்தின் நடுவில் இறுகிய உள்மரம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதற்குத்தான் கீழே உள்ள பதில்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், பலம் குறையுமா குறையாதா?

ஒரே வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும். பலம் என்று நாம் சொல்வது மூன்று விஷயம். பாரம் ஏற்றினால் எவ்வளவு தொய்கிறது என்பது ஒன்று, அது விறைப்பு. எவ்வளவு பாரத்தில் முறிகிறது என்பது இரண்டாவது, அது வளைவு வலிமை. திடீரென்று ஓர் அடி விழுந்தால் தாங்கி, நார் நாராகக் கிழிந்து மெதுவாக உடைகிறதா, பட்டென்று துண்டாகிறதா என்பது மூன்றாவது. இதைக் கடுமைத்தன்மை என்று எழுதுவார்கள், நான் தாங்குசக்தி என்றே சொல்கிறேன்.

புளிய விளாறும் முருங்கைக் கிளையும் நமக்குத் தெரியும். புளிய விளாற்றை எவ்வளவு வளைத்தாலும் ஒடியாது. முருங்கைக் கிளையில் ஏறிய பையன் எப்போது விழுந்தான் என்பது அவனுக்கே தெரியாது. தண்ணீரில் கரைத்து ஏற்றும் செம்பு, குரோமியம் கலந்த மருந்துகள் மரத்தைப் புளியிலிருந்து முருங்கையின் பக்கம் கொஞ்சம் தள்ளுகின்றன. விறைப்பு அநேகமாக அப்படியே இருக்கும். வளைவு வலிமை கொஞ்சம் குறையும். தாங்குசக்திதான் அதிகம் அடிபடும்.

"கொஞ்சம்" என்றால் எவ்வளவு? எண்ணில் சொல்லுங்கள்.

தண்ணீர் வகை மருந்தை முறையாக ஏற்றி, காற்றில் உலர்த்திய மரத்தில் வளைவு வலிமை இழப்பு பூஜ்ஜியத்திலிருந்து ஏறக்குறைய 10 சதவீதம் வரை. விறைப்பில் வித்தியாசம் அளந்தாலும் தெரியாத அளவு. தாங்குசக்தியில் இழப்பு இதைவிடப் பல மடங்கு போகலாம். மருந்தின் அளவு கூடக் கூட இழப்பும் கூடும். தரைக்கு மேல் நிற்கும் மரத்துக்குக் கன மீட்டருக்கு 4 கிலோ மருந்து, மண்ணில் நடுவதற்கு 6.4 கிலோ என்பது அமெரிக்க வழக்கம். கடல் நீரில் நிற்கும் தூணுக்கு அதுவே 40 கிலோ. அந்த 40 கிலோ மரம்தான் உண்மையில் மொறுமொறுப்பாகிவிடும். நமக்கு இங்கே கடல் இல்லை, கே.ஆர்.பி. அணைதான் இருக்கிறது. அதில் யாரும் மரத்தூண் நடப்போவதில்லை.

இந்த 10 சதவீதத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 6 அங்குல உயரமுள்ள உத்திரத்தை 6½ அங்குலமாக எடுத்தால் வளைவு வலிமை 17 சதவீதம் கூடும், ஏனென்றால் அது உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மருந்தில் போனதை அரை அங்குல மரத்தில் மீட்டுவிடலாம். அதே 6 அங்குல உத்திரத்தின் அடிப்பக்கத்தில் வயர் பைப்புக்காக ஒரு அங்குலம் கொத்தினால், அந்த இடத்தில் போவது 30 சதவீதம். கொத்திய மூலையில் விரிசல் தொடங்குவது தனிக்கணக்கு. இந்தக் கொத்தலைப் பற்றி ஆசாரியும் எலெக்ட்ரீசியனும் ஒருநாளும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மருந்து மரத்துக்குள் என்னதான் செய்கிறது?

மர நாரின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இருக்கின்றன. அவற்றைப் பிணைத்து வைக்கும் பசை மாதிரி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். தண்ணீர் மருந்தில் இருக்கும் உலோக உப்புகள் வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை, சுவரோடு வினை புரிந்துதான் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாவிட்டால் முதல் மழையிலேயே கழுவிப் போய்விடும். அந்த வினையில் ஹெமிசெல்லுலோஸ் கொஞ்சம் அறுபடுகிறது. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் குணம் அதனால் குறைகிறது. இழை விறைப்பாகத்தான் இருக்கிறது, அதனால் தொய்வு மாறவில்லை. உடையும் நேரத்தில் இழுபறி இல்லாமல் உடைகிறது.

ஒரு வேடிக்கை: நல்ல, கணுவே இல்லாத மரத்தில்தான் இந்த இழப்பு தெளிவாகத் தெரியும். கணு நிறைந்த மரத்தில் முறிவைத் தீர்மானிப்பது கணு. மருந்து சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது அங்கேதான் முறியும்.

எல்லா மருந்தும் ஒன்றுதானா?

இல்லை. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கறுப்பாக நாறுமே, அது கிரியோசோட் எண்ணெய். 1838-இல் ஜான் பெத்தல் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த முறையில், இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, முதலில் காற்றை உறிஞ்சி, பிறகு எண்ணெயை அழுத்தி ஏற்றுவார்கள். எண்ணெய் நாரின் சுவரோடு வினை புரிவதில்லை. அதில் ஏதாவது பலம் குறைந்தால், சூடாக்கியதும் அழுத்தியதும் காரணமே தவிர எண்ணெய் காரணமில்லை.

பச்சை நிறமாக வருவது செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவை, சி.சி.ஏ. என்பார்கள். உலகம் முழுக்கப் பரவிய இந்த மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசன், நம் நாட்டுக்காரர். ஆர்சனிக் விஷம் என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் இதை நிறுத்திவிட்டார்கள். ஆர்சனிக் இடத்தில் போரிக் அமிலம் வைத்தால் சி.சி.பி. நான் மேலே சொன்ன இழப்புக் கணக்கு முக்கியமாக இந்த வகைக்குத்தான். செம்பு மட்டும் அதிகமாக உள்ள புதிய மருந்துகளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வருகின்றன.

போராக்ஸும் போரிக் அமிலமும் மட்டும் சேர்ந்த கரைசல் பலத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அது மழையில் கரைந்துவிடும். ஓட்டுக்குக் கீழே உள்ள கைமரம், ரீப்பர், நிலை, ஜன்னல் சட்டத்துக்கு அருமையான மருந்து. மண்ணில் நடும் தூணுக்கு வீண்.

கழிவு எஞ்சின் ஆயிலும் தாரும் மருந்தில் சேர்த்தி இல்லை. பலத்தையும் குறைக்காது, செல்லையும் தடுக்காது, மேலே ஒரு மெல்லிய தோலாக நிற்கும். வெடிப்பு விழுந்ததும் செல் அந்த வழியே போய்விடும். தீ பிடித்தால்தான் ஆயில் பூசியது தெரியும்.

ஆசாரி கைமரத்தைத் தூக்கிப் பார்த்து "ஊறிப்போயிருக்கு, வேண்டாம்" என்கிறார். சரிதானா?

மிகச்சரி. என்னைக் கேட்டால் பலத்தைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

உருளையில் அழுத்தி ஏற்றும்போது ஒரு கன மீட்டர் வெள்ளைமரம் (வைரத்துக்கு வெளியே உள்ள வெளிர்நிற மரம்) 300 லிட்டருக்கு மேலும் கரைசலைக் குடிக்கும். நம் மரவாடிக் கணக்கில் ஒரு கன அடிக்கு எட்டு ஒன்பது லிட்டர். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது இறுக ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் வளைவு வலிமை சுமார் 4 சதவீதம் ஏறும், நார்வாட்டில் அழுத்தத்தைத் தாங்குவது 5, 6 சதவீதம் ஏறும். ஆகவே, உலர்ந்து மருந்துக்குப் போன மரம் ஈரமாகத் திரும்பி வரும்போது, மருந்து குறைத்த பத்து சதவீதம் எங்கே, தண்ணீர் குறைத்த பலம் எங்கே! "மருந்து போட்டா மரம் செத்துப்போயிரும்" என்ற பேச்சு இங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன். கெட்ட பெயர் மருந்துக்கு, குற்றம் தண்ணீருக்கு.

தண்ணீர் போனதும் அந்தப் பலம் திரும்பிவிடும். ஈரத்திலேயே தூக்கிவைத்து ஓடு ஏற்றினால்தான் ஆபத்து. பாரத்தோடு உலரும் மரம் தொய்ந்தபடியே உலரும். அந்தத் தொய்வு திரும்பாது, போட்ட அன்று இருந்த வளைவின் இரண்டு மடங்குக்கும் போகலாம். பாலக்கோடு பக்கம் ஒரு கொட்டகையில் இந்தத் தவறை நானே செய்தேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்ற அவசரம். இன்றும் அந்த வழியே போனால் முகட்டில் நடு இடத்தில் ஒரு குழி தெரியும். வேறு ரோட்டில் போய்விடுவேன்.

இடையில் கட்டை வைத்து, காற்றோட்டமாக, நிழலில் அடுக்குங்கள். மருந்து நாரோடு ஒட்டவும் கொஞ்ச நாள் ஆகும், அதற்கும் இந்தக் காத்திருப்பு உதவும். நம் ஊர் மார்ச், ஏப்ரல் காற்றுக்கு ஒன்றரை அங்குலச் சட்டம் சில வாரத்தில் உலரும். தடித்த உத்திரத்துக்கு மாதக்கணக்கு.

அவ்வளவு நாள் எதற்கு? சூளையில் வைத்து உலர்த்தித் தருகிறேன் என்கிறார்களே?

எவ்வளவு சூடு என்று கேளுங்கள். தண்ணீர் மருந்து ஏற்றிய மரத்தை மறுபடி உலர்த்தும்போது சூடு 74 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. சும்மா எழுதியது இல்லை. உலோக உப்பு, ஈரம், சூடு மூன்றும் ஒன்று சேர்ந்தால் நாரின் சுவர் வேகமாக அறுபடும். அப்போது 10 சதவீதம் என்ற கணக்கு செல்லாது. மருந்து ஏற்றுவதற்கு முன் சூளையில் உலர்த்துவது வேறு, பின் உலர்த்துவது வேறு. "எவ்வளவு டிகிரி" என்பதற்குப் பதில் வராத இடத்தில் நான் ஈரமாகவே வாங்கி என் நிழலில் உலர்த்திக்கொள்கிறேன்.

வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கைக்கு மருந்து தேவையா?

வைரத்துக்குத் தேவையில்லை, ஏற்றினாலும் ஏறாது. வைரத்தின் குழாய்கள் அடைபட்டிருக்கும். மருந்து குடிப்பது வெளியே உள்ள வெள்ளைதான். தைலமரம் நல்ல உதாரணம்: வெள்ளை மடமடவென்று குடிக்கும், உள்மரம் ஒரு நூல் அளவுகூட விடாது. மாமரம், சவுக்கு மாதிரி சீக்கிரம் கெடுகிற மரத்தை நம்பி வீடு கட்டுவதற்குத்தான் மருந்து வந்தது. கிருஷ்ணகிரியில் பழைய மாந்தோப்பு வெட்டும்போது வருகிற கட்டை பெட்டிக்கும் விறகுக்கும் போகிறது. நிழலில் உலர்த்தி போராக்ஸ் ஏற்றினால் உள்வேலைக்கு அதில் நிறையச் செய்யலாம் என்பது என் ஆசை.

மண்ணில் நட்டு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்து நம் நாட்டுத் தரவிதிகள் மரத்தைப் பிரிக்கின்றன. 120 மாதத்துக்கு மேல் நின்றால் உயர்ந்த ஆயுள், 60 முதல் 120 வரை நடுத்தரம், 60-க்குக் கீழே குறைவு. மருந்து பற்றிய விதி ஐ.எஸ். 401, மரக் கட்டுமானக் கணக்குக்கு ஐ.எஸ். 883.

மரத்தில் வரிசையாகக் கத்தி வெட்டு மாதிரி இருக்கிறது. பூச்சியா?

இல்லை. மருந்து குடிக்காத மரத்தில் ஆழமாக இறங்கட்டும் என்று பல் வைத்த உருளையால் கீறியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பைன் வகை மரங்களில் பார்க்கலாம். இதில் நார் அறுபடுவதால் பலம் நிஜமாகவே குறையும். அமெரிக்கக் கணக்கு விதியில் கீறிய சட்டத்தின் வளைவு வலிமையை 0.80-ஆலும் விறைப்பை 0.95-ஆலும் பெருக்கச் சொல்கிறார்கள். மருந்து வேலை செய்வதைவிட மருந்தை உள்ளே விடுவதற்காகச் செய்த வேலைதான் அதிகம் பறிக்கிறது.

பட்டுப்புழு மனைக்கு இந்த மரம் போடலாமா?

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இதுதான் அதிகம் வருகிறது. கூரை உயரத்தில், ஓட்டுக்கு அடியில், நன்றாக உலர்ந்த போராக்ஸ் மரம் என்றால் நான் போடுகிறேன். தட்டு, தாங்கி, புழு கூடு கட்டும் சந்திரிகை, இலை படுகிற எதிலும் எந்த மருந்தும் வேண்டாம். பூச்சியைக் கொல்லத்தான் மருந்து, பட்டுப்புழுவும் பூச்சிதான். மரம் அறுத்த தூள் மனைக்குள் விழக் கூடாது. வேலை முழுவதும் முடிந்து, கழுவி, காற்றாட விட்ட பிறகுதான் முட்டை வாங்குங்கள். தாங்கிக்குக் கல்லோ இரும்போ போதும். கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா?

மாட்டுக்கொட்டகைக்கு?

மாடு நக்கும் உயரத்தில் ஆர்சனிக் மரம் கூடவே கூடாது. தூணைக் கல்லில் வையுங்கள், கூரைக்கு மட்டும் மரம். பாரத்தைப் பற்றி ஒன்று: மாடு உரசும், கயிற்றை இழுத்து உதறும். அது திடீர் அடி. மருந்து மரத்தின் பலவீனமே திடீர் அடிதான். மரம் ஒரு நொடிப் பாரத்தை நாள்பட்ட பாரத்தைவிட அதிகம் தாங்கும் என்று அமெரிக்க விதி இரண்டு மடங்கு வரை சலுகை தருகிறது. தண்ணீர் மருந்தை அழுத்தி ஏற்றிய மரத்துக்கு அந்தச் சலுகையை 1.6-ஓடு நிறுத்திவிடுகிறது. சாரத்துக்கும் ஏணிக்கும் மருந்து மரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

மிச்சமான துண்டை அடுப்பில் வைக்காதீர்கள். ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் நிற்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ தோட்டத்துக்குப் போடவோ கூடாது.

தீப்பிடிக்காத மருந்து ஏற்றிய பலகையைத் தகரக் கூரைக்கு அடியில் அடிக்கலாமா?

யோசியுங்கள். தீத்தடுப்பு உப்புகள் பூச்சி மருந்தைவிட அதிகமாகப் பலம் குறைப்பவை, 10 முதல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஏற்றிய அன்றைய கணக்கு. சூட்டில் இந்த உப்புகள் சில அமிலத்தை விடும், அது வருடக்கணக்கில் நாரைத் தின்னும். 1980-களில் அமெரிக்காவில் கூரைக்கு அடித்த தீத்தடுப்பு பிளைவுட் வெயில் சூட்டிலேயே பழுப்பேறி, பொடிந்து, மேலே ஏறியவர் கால் உள்ளே போகும் நிலைக்கு வந்தது. சித்திரை வெயிலில் அரூர் தகரக் கூரைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

மருந்து நிஜமாகவே ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருமுறை பச்சை நிறத்தில் அழகாக ஒரு லோடு வந்தது. அறுத்துப் பார்த்தால் பச்சை ஒரு காகிதக் கனம்தான், தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து லோடு இறங்கியதும் ஒரு துண்டை நடுவில் அறுத்துப் பார்க்காமல் பணம் தருவதில்லை. முனையை அறுக்காதீர்கள், முனை எப்போதும் நன்றாகக் குடித்திருக்கும்.

போராக்ஸுக்கு நிறம் இல்லை. அதற்கு மஞ்சள் இருக்கிறது. ஆல்கஹாலில் மஞ்சளை ஊறவைத்து வடித்து அறுத்த முகத்தில் தடவி, உலர்ந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சாலிசிலிக் அமிலம் சேர்த்த கரைசலைத் தடவினால், போரான் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். வெறும் மஞ்சளை மட்டும் தடவி ஏமாறாதீர்கள். சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும், ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் அது தெரியும். அமிலத்திலும் சிவப்பு நிற்கிறதா என்பதுதான் சோதனை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு இழைக்கலாமா, அறுக்கலாமா?

அறுப்பு, துளை, பொருத்து எல்லாவற்றையும் மருந்துக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. பிறகு இழைத்தால் மருந்து ஏறிய தோலையே சீவி எறிகிறீர்கள். தவிர்க்க முடியாத வெட்டுமுகத்தில் அதே மருந்தைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவுங்கள். ஆணி, போல்ட்டு விஷயத்தில் செம்பு அதிகமான மருந்து சாதாரண இரும்பை அரித்துவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். உத்திரம் நன்றாக இருந்து ஆணி போய்விட்டாலும் கூரை கீழேதான் வரும்.

மூங்கிலுக்கு?

அஞ்செட்டிப் பக்கத்து மூங்கில் என்றால் ஐந்து சதவீத போராக்ஸ்-போரிக் கரைசலில் ஒரு வாரம் ஊறவிட்டு நிழலில் உலர்த்துங்கள். பலத்தில் வித்தியாசம் வராது. வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும், அது மருந்தின் தப்பில்லை. ஏரியில் ஊறப்போடும் பழைய வழக்கம் மாவுச்சத்தைக் கரைத்து உளுப்பைக் குறைக்கும், செல்லைத் தடுக்காது.

தாத்தா வீட்டு உத்திரம் இருக்கிறது, மேலே கொஞ்சம் செல் அரித்திருக்கிறது. மருந்து அடித்துப் போடலாமா?

மருந்து இனிமேல் அரிக்காமல் பார்க்கும், போன பலத்தைத் தராது. 4-க்கு 6 உத்திரத்தில் சுற்றிலும் அரை அங்குலம் போயிருந்தால் மிச்சம் 3-க்கு 5. பார்க்கக் கொஞ்சம்தான். வளைவு வலிமையில் 48 சதவீதம் போய்விட்டது, விறைப்பில் 57. மருந்துக்காரர் குறைத்த பத்தோடு இதை வைத்துப் பாருங்கள். செல் அல்லாமல் பூஞ்சை அழுகல் என்றால் இன்னும் மோசம், மரம் எடையில் ஐந்து பத்து சதவீதம் இழப்பதற்குள்ளேயே பாதி வலிமை போய்விடக்கூடும், வெளியே நிறம் லேசாக மாறியதுதான் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளில், சுவருக்குள் இருந்த பகுதியில் குத்துங்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கெட்டதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய நல்ல மரத்தை டேப் பிடித்து அளந்து கணக்குப் போட்ட பிறகுதான் போடலாமா என்று சொல்ல முடியும். போட்டோவைப் பார்த்துச் சொல்லச் சொல்லாதீர்கள்.